ரிமோட் மின் தண்ணீர் மானிட்டர் மக்கர் செய்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் எந்த மானிட்டரைப் பற்றியது?

பெட்ரோல், டீசல், நாப்தா, எல்பிஜி சேமிக்கும் டேங்க் வளாகங்களிலும், சுத்திகரிப்பு ஆலைகளிலும், ஜெட்டிகளிலும் நிலையாகப் பொருத்தியிருக்கும் தண்ணீர் மானிட்டர்களை, அதாவது தீயின் மேல் தண்ணீர் பீய்ச்சும் பீரங்கிகளைப் பற்றியது. இடம் வலம் திருப்ப ஒரு மோட்டார், மேலே கீழே அசைக்க இன்னொன்று, நாசிலை ஜெட்டிலிருந்து (நேரான தாரை) ஃபாக்குக்கு (பரந்த தூவல்) மாற்ற ஓர் ஆக்சுவேட்டர், தண்ணீரைத் திறந்து மூட மோட்டார் வால்வு. பெரும்பாலான மாடல்களில் இருப்பது இவ்வளவுதான். மோட்டார்கள் அநேகமாக 24 வோல்ட் டிசி. கட்டளை மூன்று இடங்களிலிருந்து வரலாம்: கண்ட்ரோல் ரூம் ஜாய்ஸ்டிக், ஃபீல்டில் சற்றுத் தள்ளி நிற்கும் லோக்கல் பேனல், கையில் எடுத்துச் செல்லும் வயர்லெஸ் ரிமோட்.

2009 அக்டோபர் 29 அன்று ஜெய்ப்பூர் சீதாபுராவில் உள்ள பெட்ரோலிய முனையத்தில் கசிந்த பெட்ரோல் ஆவி தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள். டேங்குகள் நாள்கணக்கில் எரிந்தன. அதை விசாரித்த எம்.பி. லால் குழுவின் பரிந்துரைகளுக்குப் பிறகுதான் தூரத்திலிருந்து இயக்கும் பெரிய மானிட்டர்கள் நம் நாட்டு டேங்க் வளாகங்களில் பரவலாக வந்தன. மனிதன் கிட்டே போக முடியாத தீக்காக வைத்த கருவி இது. அதனால் “இப்போதைக்கு ரிமோட் வேலை செய்யவில்லை, கையால் திருப்பிக்கொள்ளலாம்” என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. கையால் திருப்பப் போகிறவர் நிற்க வேண்டிய இடம் எது என்று ஒருமுறை அங்கே போய் நின்று பாருங்கள்.

தீ எரிந்துகொண்டிருக்கும்போது மானிட்டர் அசையவில்லை. என்ன செய்வது?

அப்போது கோளாறு தேடக் கூடாது. பக்கத்து மானிட்டருக்கு மாறுங்கள். வெப்பம் அனுமதித்தால், சம்பவ இடத்துக்குப் பொறுப்பான அதிகாரி சொன்னால், ஹேண்ட் வீலால் திருப்பி நிறுத்திவிட்டு விலகி வாருங்கள். பேனலைத் திறப்பதும் ஒயரைப் பார்ப்பதும் தீ அணைந்த பிறகு. இதற்குக் கீழே உள்ள எல்லாப் பதில்களும் அமைதியான நாளில், பெர்மிட் வாங்கிக்கொண்டு செய்யும் வேலைக்கானவை.

எதை அழுத்தினாலும் ஒன்றுமே அசையவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

லோக்கல் ரிமோட் செலக்டர் சுவிட்சிலிருந்து. சிரிக்காதீர்கள், அழைப்புகளில் பெரும்பங்கு இங்கேயே முடிந்துவிடும். வாராந்திர சோதனைக்கு வந்தவர் லோக்கலில் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுப் போயிருப்பார். அடுத்து எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன். அது அழுந்தியே இருக்கும், பெயிண்ட் மங்கிப்போனதால் கண்ணில் படாது. திருகி வெளியே எடுங்கள்.

இரண்டும் சரி என்றால் பேனலில் பவர் விளக்கு எரிகிறதா பாருங்கள். எரியவில்லை என்றால் உள்வரும் 230 வோல்ட் ஏசி இருக்கிறதா, எம்சிபி (தானாக விழும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்திருக்கிறதா, பவர் சப்ளையின் வெளியீட்டில் 24 வோல்ட் இருக்கிறதா என்று வரிசையாகப் போங்கள். யூபிஎஸ் வழியாக வருகிறது என்றால் அதன் பேட்டரியையும் சந்தேகப்படுங்கள். மெயின் சப்ளை இருக்கும்போது எல்லாம் ஓடும், மெயின் போன கணமே செத்துவிடும். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, சோதனையின்போது வேண்டுமென்றே மெயினை நிறுத்திவிட்டு மானிட்டரை ஓட்டிப் பார்ப்பது. தீ விபத்தில் முதலில் போவது மெயின் சப்ளைதான்.

பவர் விளக்கு எரிந்தும் அசையவில்லை என்றால், லோக்கல் பேனலில் நின்று ஒவ்வொரு பட்டனாக அழுத்துங்கள். உள்ளே ரிலே “டிக்” என்று விழும் சத்தம் கேட்கிறதா? கேட்டால் கட்டளை வந்துவிட்டது, கோளாறு ரிலேக்கும் மோட்டாருக்கும் நடுவே. கேட்கவில்லை என்றால் பட்டன், கண்ட்ரோலர் பக்கம் தேடுங்கள். ரிலே இல்லாமல் மின்னணு டிரைவர் போர்டு வைத்த மாடல்களில் இந்தச் சத்தம் இருக்காது. அங்கே போர்டில் உள்ள எல்இடி அதே தகவலைச் சொல்லும்.

லோக்கல் பேனலில் ஓடுகிறது. கண்ட்ரோல் ரூமிலிருந்தோ வயர்லெஸ் ரிமோட்டிலிருந்தோ ஓடவில்லை. ஏன்?

மோட்டாரும் பவரும் நலமாக இருக்கின்றன என்று நல்ல செய்தி வந்துவிட்டது. மீதி தகவல் வழி மட்டும்தான்.

வயர்லெஸ் ரிமோட் என்றால் பேட்டரி சார்ஜ் முதல் சந்தேகம். வருடம் முழுவதும் சார்ஜரிலேயே உட்கார்ந்திருந்த பேட்டரி முழு சார்ஜ் காட்டும், நாலு நிமிடம் ஜாய்ஸ்டிக்கை அழுத்தியதும் இறங்கிவிடும். இரண்டாவது, இணைப்பு. ரிசீவர் போர்டை மாற்றிய பிறகு பழைய ரிமோட்டை அதனுடன் மறுபடி இணைத்துப் பதிவு செய்ய வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். மூன்றாவது, ஆன்டெனா. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் வேலை செய்யும் ரிமோட்டுகள் திறந்தவெளியில் நல்ல தூரம் போகும். நடுவே ஒரு இரும்பு டேங்க் நின்றால் அதன் நிழலில் சிக்னல் மாய்ந்துவிடும். சம்பவத்தின்போது நீங்கள் நிற்கப் போகும் இடத்தில் நின்றுதான் ரிமோட்டைச் சோதிக்க வேண்டும். மானிட்டருக்கு அடியில் நின்று சோதித்து “ஓகே” எழுதுவதில் பயனில்லை.

கேபிள் வழி என்றால் அநேகமாக ஆர்எஸ்-485 அல்லது கேன் பஸ், அதாவது இரண்டு டேட்டா ஒயர்களில் தகவல் அனுப்பும் முறைகள். இரண்டிலும் லைனின் இரு முனைகளில் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். பவரை நிறுத்திவிட்டு இரண்டு டேட்டா ஒயர்களுக்கு நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். சுமார் 60 ஓம் காட்டினால் இரு முனையும் சரி. 120 காட்டினால் ஒரு முனையில் ரெசிஸ்டர் இல்லை அல்லது லைன் எங்கோ அறுந்திருக்கிறது. 40 காட்டினால் யாரோ நடுவில் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். சில கருவிகளின் உள் அமைப்பால் எண் கொஞ்சம் முன்னே பின்னே போகலாம், ஆனால் இந்த மூன்று நிலைகளும் தெளிவாகவே பிரிந்து தெரியும். ஆர்எஸ்-485இல் இன்னொரு வழக்கமான கோளாறு, கேபிளை மறுபடி கோத்தபோது இரண்டு ஒயர்களும் இடம் மாறிவிடுவது. எதுவும் எரியாது, எதுவும் பேசாது. மாற்றிப் போட்டதும் உயிர் வந்துவிடும்.

கண்ட்ரோல் ரூம், லோக்கல், வயர்லெஸ் என்று மூன்று இடங்களும் இருக்கும் அமைப்பில் யார் கட்டளைக்கு முன்னுரிமை என்று நிரல் எழுதியிருப்பார்கள். ஒருவர் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு விடுவிக்காமல் போனால் மற்றவர் கட்டளை ஏறாது. கோளாறு என்று எழுதும் முன் திரையில் யாரிடம் கட்டுப்பாடு இருக்கிறது என்று பாருங்கள்.

தண்ணீர் இல்லாமல் அழகாகத் திரும்புகிறது. தண்ணீர் திறந்ததும் நின்றுவிடுகிறது அல்லது ஆமை வேகத்தில் நகர்கிறது. மோட்டாரை மாற்ற வேண்டுமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். மோட்டாரை மாற்றாதீர்கள். பத்தில் பெரும்பாலான முறை கேபிள்தான் குற்றவாளி.

தண்ணீர் வந்ததும் மோட்டாருக்குச் சுமை ஏன் கூடுகிறது என்று முதலில் பார்ப்போம். 100 மி.மீ. உள்விட்டம் கொண்ட மானிட்டரில் சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தம் இருந்தால், திரும்பும் மூட்டைப் பிரித்துத் தள்ளப் பார்க்கும் விசை மட்டும் சுமார் 550 கிலோ எடையளவு. அந்த விசை முழுவதையும் மூட்டுக்குள் இருக்கும் பால்கள் (பேரிங் குண்டுகள்) தாங்கியபடி உருள வேண்டும். அதோடு நிமிடத்துக்கு 3,785 லிட்டர், அதாவது 1,000 அமெரிக்க கேலன், பாயும்போது நாசில் பின்னோக்கி உதைக்கும் விசை சுமார் 230 முதல் 240 கிலோ. காய்ந்த நிலையில் இவை எதுவும் இல்லை. அப்போது மோட்டார் தூக்குவது நாசிலின் எடையை மட்டும்தான்.

இப்போது கேபிளுக்கு வாருங்கள். பேனலிலிருந்து மானிட்டர் 150 மீட்டர், 2.5 சதுர மி.மீ. செப்புக் கேபிள் என்று வையுங்கள். போக வர 300 மீட்டர். இந்த அளவு கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்குச் சுமார் 7.4 ஓம், ஆக நம் கேபிளில் 2.2 ஓம். தண்ணீர் இல்லாமல் மோட்டார் 2 ஆம்பியர் எடுத்தால் கேபிளில் விழுவது 4.4 வோல்ட். மோட்டாருக்கு 19.6 வோல்ட் கிடைக்கிறது, திரும்புகிறது. தண்ணீர் வந்து 6 ஆம்பியர் தேவைப்பட்டால் கேபிளிலேயே 13 வோல்ட் போய்விடும். மீதி 11 வோல்ட்டில் அது முனகும், திரும்பாது. பேனல் முனையில் அளந்தால் மீட்டர் அப்போதும் 24 காட்டும். அதைப் பார்த்துவிட்டு மோட்டார் மேல் பழி போடுகிறார்கள். புது மோட்டார் வருகிறது, அதுவும் திரும்புவதில்லை.

அதனால் அளக்க வேண்டிய இடம் மோட்டார் டெர்மினல், அளக்க வேண்டிய நேரம் தண்ணீர் பாயும்போது. அந்த இடத்தில் பெட்டியைத் திறக்க முடியாத அபாயப் பகுதி என்றால், பேனல் முனையில் கிளாம்ப் மீட்டரில் டிசி ஆம்பியரை அளந்து, கேபிள் நீளத்தை வைத்து மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். பேனா, தாள் போதும். கேபிளே காரணம் என்று தெரிந்தால் இரண்டு வழி. தடித்த கேபிள் போடலாம். 10 சதுர மி.மீ. என்றால் அதே 6 ஆம்பியருக்கு விழுவது 3.3 வோல்ட்தான். அல்லது 230 வோல்ட் ஏசியை மானிட்டர் அருகே வரை கொண்டுபோய், அந்தப் பகுதிக்குச் சான்று பெற்ற பெட்டிக்குள் 24 வோல்ட் பவர் சப்ளையை வைக்கலாம். தூரம் அதிகம் என்றால் இரண்டாவதையே நான் சொல்வேன்.

கேபிள் சரி, வோல்டேஜும் சரி என்றால் அடுத்தது மூட்டு. பால் ஓடும் பாதையில் கிரீஸ் காய்ந்திருக்கும், துரு அல்லது மணல் புகுந்திருக்கும். பவரை நிறுத்தி ஹேண்ட் வீலைச் சுற்றிப் பாருங்கள். ஒரே சீராக இல்லாமல் ஓரிடத்தில் மட்டும் கனத்தால் பால் பாதையில் குழி விழுந்திருக்கிறது. தயாரிப்பாளர் சொன்ன கிரீஸை நிப்பிள் வழியாக ஏற்றுங்கள். ஏற்றும்போதே ஒருவர் ஹேண்ட் வீலைச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிரீஸ் ஒரு பக்கமே தேங்கும்.

லக்குகளையும் (ஒயர் முனையில் பொருத்தும் உலோக இணைப்பு) விட்டுவிடாதீர்கள். எண்ணூர், மணலி, தூத்துக்குடி மாதிரி கடற்கரைப் பகுதிகளில் டெர்மினலில் பச்சை பூத்த ஒரு லக் போதும், ஒரு ஓம் தடையைச் சும்மா சேர்த்துவிடும். தொட்டுப் பார்த்தால் இறுக்கமாக இருக்கும். கழற்றிப் பார்த்தால்தான் உள்ளே கறுத்திருப்பது தெரியும்.

வலது பக்கம் திரும்புகிறது, இடது பக்கம் திரும்பவில்லை.

மோட்டார் நல்ல நிலையில் இருக்கிறது என்று அதுவே சொல்லிவிட்டது. டிசி மோட்டார் திசை மாறுவது துருவம் மாறுவதால்தான், அதைச் செய்வது இரண்டு ரிலேக்கள். ஓடாத திசைக்கான ரிலே அல்லது அந்தப் பக்கத்து லிமிட் சுவிட்ச் (எல்லைக்கு வந்ததும் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச்) பழுது. இரண்டு ரிலேக்களும் ஒரே வகை என்றால் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறும் இடம் மாறினால் ரிலேதான். மாறவில்லை என்றால் லிமிட் சுவிட்சின் நெம்புகோல் துருவில் சிக்கி அழுந்தியபடியே நிற்கிறதா பாருங்கள்.

லிமிட் சுவிட்ச் இல்லாமல், மோட்டாரின் சுழற்சியை எண்ணி எல்லையைத் தீர்மானிக்கும் மாடல்களில் கணக்கு தவறியிருக்கும். அதற்கு இன்னும் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

ஜாய்ஸ்டிக்கை விட்ட பிறகும் மானிட்டர் திரும்பிக்கொண்டே இருக்கிறது!

எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்துங்கள். பிறகுதான் மற்றதெல்லாம். தண்ணீர் பாயும்போது இப்படி நடந்தால் ஜெட் பாதையில் வருகிற ஆளைத் தூக்கி எறியும். அது மிகைப்படுத்தல் இல்லை, மேலே சொன்ன உதை விசையின் மறுபக்கம் அது.

காரணம் அநேகமாக ரிலேயின் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டது. மோட்டார் ஓடும்போது திரும்பத் திரும்ப டக் டக்கென்று திசை மாற்றினால் கான்டாக்டில் பெரிய தீப்பொறி வந்து உலோகம் உருகி ஒட்டும். ரிலேயை மெல்லத் தட்டினால் விட்டுவிடும், பலர் அத்தோடு வேலை முடிந்தது என்று போய்விடுவார்கள். செய்யாதீர்கள். ஒருமுறை ஒட்டிய கான்டாக்ட் மறுபடி ஒட்டும். மாற்றிவிடுங்கள். ரிலே நலமாக இருந்தால் ஜாய்ஸ்டிக்கின் நடுநிலையைச் சந்தேகப்படுங்கள்: விட்டதும் ஸ்பிரிங் அதை முழுதாக நடுவுக்குக் கொண்டுவராமல், சற்றுச் சாய்ந்தே நிற்கும்.

நாம் ஒன்றும் செய்யாமலேயே நாசில் மெல்ல மெல்ல இறங்குகிறது.

மோட்டாருக்கும் மூட்டுக்கும் நடுவே வார்ம் கியர், அதாவது திருகு வடிவப் பல்சக்கரம் இருக்கும். அதன் நல்ல குணம், மோட்டார் அதைத் திருப்ப முடியும், ஆனால் நாசில் பக்கத்திலிருந்து தள்ளினால் அது திரும்பாது. அதனால்தான் பவர் போனாலும் மானிட்டர் குறி மாறாமல் நிற்கிறது. இறங்குகிறது என்றால் அந்தப் பிடி தளர்ந்துவிட்டது: கியர் பல் தேய்ந்திருக்கலாம், கியரையும் ஷாஃப்டையும் பிணைக்கும் சாவி வெட்டுப்பட்டிருக்கலாம், கையால் இயக்குவதற்கான கிளட்ச் முழுதாகச் சேராமல் பாதியில் நிற்கலாம். முதலில் கிளட்சைப் பாருங்கள், அது ஐந்து நிமிட வேலை. மற்ற இரண்டும் கியர் பெட்டியைக் கழற்றும் வேலை. சரிசெய்யும்வரை அந்த மானிட்டரில் தண்ணீர் திறக்க வேண்டாம்.

எல்லாம் திரும்புகிறது, ஆனால் ஜெட் முன்பு போன தூரம் போகவில்லை.

மின்சாரத்தை விட்டுவிட்டுத் தண்ணீருக்கு வாருங்கள். மானிட்டர் அடியில் பிரஷர் கேஜ் இருக்கிறதா? இல்லையென்றால் முதல் வேலை ஒன்று பொருத்துவது. அது இல்லாமல் சொல்வதெல்லாம் ஊகம்.

வால்வு மூடியிருக்கும்போது ஒரு அளவு, முழுதாகத் திறந்து ஜெட் பாயும்போது ஒரு அளவு. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். மூடியிருந்தபோது 9 கிலோ, பாயும்போது 3.5 கிலோ என்றால் பின்னால் எங்கோ தண்ணீருக்கு வழி அடைபட்டிருக்கிறது அல்லது தண்ணீரே போதவில்லை: பாதி மூடிய ஐசொலேஷன் வால்வு, அடைத்த ஸ்ட்ரெய்னர் (கசடு வடிகட்டி), அல்லது ஜாக்கி பம்ப் மட்டுமே ஓடி மெயின் பம்ப் எடுக்காதது. ஜாக்கி பம்ப் லைனில் அழுத்தத்தைத் தக்கவைக்க மட்டுமே, மானிட்டருக்குத் தண்ணீர் கொடுக்க அதற்குத் திராணி கிடையாது. பாயும்போதும் 7 கிலோவுக்குக் குறையாமல் இருந்தால் லைன் நலம், அடைப்பு நாசிலில். எண்ணெய் நிறுவனங்களுக்கான ஓஐஎஸ்டி (எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம்) தரநிலைகளும், பம்பிலிருந்து நீர்வழியில் மிகத் தொலைவான முனையில் இந்த 7 கிலோவையே எதிர்பார்க்கின்றன.

ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும். தண்ணீரின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே மாறும். 7 கிலோவில் நிமிடத்துக்கு 3,800 லிட்டர் தரும் நாசில் 3.5 கிலோவில் சுமார் 2,690 லிட்டர் தரும். அழுத்தம் பாதியானாலும் தண்ணீர் எழுபது சதவீதம் வருகிறது என்று ஆறுதல் கொள்ள முடியாது. நாசிலை விட்டு வெளியேறும் வேகமும் குறைவதால் தூரம் நன்றாகவே சுருங்கும்.

நாசிலுக்குள் என்ன சிக்கும்? புது லைன் என்றால் வெல்டிங் கசடு, சரளைக்கல். கடல்நீர் ஓடும் லைன் என்றால் சிப்பி. நாசிலைக் கழற்றி நேராக உள்ளே பாருங்கள். நடுத் தண்டைச் சுற்றிய வளைய இடைவெளியில் ஒரே ஒரு சிப்பி ஓடு குறுக்கே நின்றாலும் ஜெட் அந்த இடத்தில் பிளந்து, முழுவதும் சிதறிப்போகும். ஃபிளஷ் செய்யும்போது நாசிலைக் கழற்றிவிட்டே செய்ய வேண்டும்.

காற்றையும் கோணத்தையும் சேர்த்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் 45 டிகிரி என்று படித்திருப்போம். காற்றின் தடையால் தண்ணீர் ஜெட்டுக்கு 30 முதல் 35 டிகிரிதான் அதிகத் தூரம் தரும். எதிர்க்காற்று உள்ள நாளில் எடுத்த அளவைப் போன வருடத்து அமைதியான நாளின் அளவோடு ஒப்பிடுவது நியாயமில்லை. அதனால் சோதனைப் பதிவேட்டில் காற்றின் திசையையும் எழுதுங்கள்.

ஜெட்டிலிருந்து ஃபாக்குக்கு மாறவில்லை.

நாசில் ஆக்சுவேட்டர் ஒரு சின்ன மோட்டார், மானிட்டரிலேயே மிகவும் அடிபடுவது அதுதான். அதற்கான கேபிள் ஒவ்வொரு முறை நாசில் அசையும்போதும் வளைகிறது. வளையும் இடத்தில் உறைக்குள்ளேயே ஒயர் அறுந்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. நாசிலை ஒரு கோணத்தில் வைத்தால் வேலை செய்கிறது, இன்னொன்றில் இல்லை என்றால் சந்தேகமே வேண்டாம். கேபிள் நலம் என்றால் சறுக்கும் ஸ்லீவில் உப்புப் படிந்து இறுகியிருக்கும். கடல்நீர் ஓட்டிய ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் அலசினால் இது வராது.

மோட்டார் வால்வு திறக்கவில்லை.

வால்வின் கை சக்கரத்தால் கொஞ்சம் திறந்து பாருங்கள். நீண்ட காலம் மூடியே கிடந்த பட்டர்ஃபிளை வால்வின் ரப்பர் சீட் ஒட்டிக்கொள்ளும். ஆக்சுவேட்டர் தள்ளிப் பார்த்து, முறுக்கு விசை மீறினால் நிறுத்தும் டார்க் சுவிட்ச் விழுந்து நின்றுவிடும். டார்க் சுவிட்சை உயர்த்தி வைத்து அடித்துத் திறப்பது சிலர் வழக்கம். அது வால்வு ஷாஃப்டை முறுக்கிவிடும்.

கேபிள் வேலை அல்லது டிரான்ஸ்ஃபார்மர் வேலை நடந்த பிறகு மூன்று ஃபேஸ் ஆக்சுவேட்டர் “திற” என்றால் மூடுகிறது என்றால் ஃபேஸ் வரிசை மாறிவிட்டது. இது ஆபத்தானது, ஏனென்றால் அப்போது லிமிட் சுவிட்ச் தவறான பக்கத்தைக் காவல் காக்கும், ஆக்சுவேட்டர் நிற்காமல் இறுக்கிக்கொண்டே போகும். எந்த மின்வேலைக்குப் பிறகும் வால்வைக் கையால் நடுநிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, அரை நொடி மட்டும் பட்டனைத் தட்டித் திசையைப் பாருங்கள். தானே ஃபேஸைத் திருத்திக்கொள்ளும் புதிய ஆக்சுவேட்டர்களுக்கும் இந்தப் பழக்கம் கெடுதல் செய்யாது.

திறக்கும் நேரத்தைக் குறைக்கச் சொல்லி உற்பத்திப் பிரிவு கேட்கும். கொடுக்காதீர்கள். சட்டென்று திறந்து மூடினால் லைனில் நீரடி (தண்ணீரின் திடீர் அழுத்த அதிர்ச்சி) விழும், ஃபிளாஞ்சு பேக்கிங் கிழியும்.

மழைக்காலத்தில் மட்டும் கோளாறு வருகிறது. வெயில் வந்தால் சரியாகிவிடுகிறது.

சரியாகவில்லை, காய்ந்திருக்கிறது. அடுத்த மழைக்குத் திரும்ப வரும். ஐபி66 (தூசு, தண்ணீர் புகாத தர எண்) என்று தகட்டில் எழுதியிருந்தாலும் அது பெட்டி வந்த நாளின் நிலை. பத்து முறை திறந்து மூடி, கேஸ்கெட் தட்டையான பிறகு அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

ஐப்பசி, கார்த்திகையில் நம் கரையோர ஆலைகளில் நடப்பது இதுதான். பகலில் பெட்டி சூடாகிறது, மாலையில் மழை அதைச் சட்டென்று குளிர்விக்கிறது. உள்ளே காற்று சுருங்கி வெளியிலிருந்து ஈரக் காற்றை உறிஞ்சுகிறது. இரவில் அது துளித்துளியாகப் போர்டின் மேல் வேர்க்கிறது. ஆகவே தண்ணீர் “ஒழுகிய” தடத்தைத் தேடினால் கிடைக்காது. பெட்டியின் அடியில் வெள்ளைப் படிவு, திருகுகளின் தலையில் துரு: அவைதான் சாட்சி.

பார்க்க வேண்டியவை: கேபிள் கிளாண்ட் (கேபிள் பெட்டிக்குள் நுழையும் இறுக்கி) மேல்நோக்கி இருக்கிறதா? இருந்தால் கீழ்ப்பக்கம் மாற்றச் சொல்லுங்கள், அதற்குச் சான்று உள்ள நுழைவு இருந்தால். கேபிள் கிளாண்டுக்குள் நுழையும் முன் கீழே தொங்கி ஏறுகிறதா, இல்லை நேராக மழைநீரை உள்ளே வழிநடத்துகிறதா? பயன்படாத துளைகளில் சான்று பெற்ற உலோக ஸ்டாப்பர் பிளக் இருக்கிறதா, இல்லை பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் மூடியே இருக்கிறதா? ஈரம் உலர்த்தும் சிறு ஹீட்டர் இருந்தால் அதன் சப்ளை உண்மையிலேயே வருகிறதா? ஹீட்டர் வேலை செய்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை, அது நின்றுபோனால் அலாரமும் வராது.

இடிக்குப் பிறகு செத்துப்போன போர்டுகள் தனி ரகம். கண்ட்ரோல் ரூமிலிருந்து மானிட்டர் வரை ஓடும் நீண்ட டேட்டா கேபிள் மின்னலால் எழும் மின் அலையை வாங்கிக்கொள்ளும். இரு முனையிலும் சர்ஜ் பாதுகாப்பு வேண்டும், எர்த் இணைப்பு சுத்தமாக இருக்க வேண்டும். போர்டை மட்டும் மாற்றிவிட்டு எர்த்தை அளக்காமல் விட்டால் அடுத்த போர்டுக்கும் அதே கதி.

ஃபிளேம்ப்ரூஃப் பெட்டியைத் திறக்கும்போது எதில் கவனம்?

இங்கே அவசரப்படுகிறவர் எல்லோரையும் ஆபத்தில் தள்ளுகிறார், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். இந்தப் பெட்டி உள்ளே வெடிப்பு நடந்தாலும் அதன் சுவாலையை வெளியே விடாது. அதைச் செய்வது மூடிக்கும் உடலுக்கும் நடுவே உள்ள வழவழப்பான உலோகப் பரப்பு. சூடான வாயு அந்த மெல்லிய இடைவெளியில் குளிர்ந்து வெளியேறும். ஆகவே அந்தப் பரப்புதான் பெட்டியின் உயிர்.

பெர்மிட், வாயுச் சோதனை, மின் துண்டிப்பு, பூட்டு, அட்டை எல்லாம் முடிந்த பிறகே திறப்பு. தகட்டில் “மின்சாரம் நிறுத்தி இத்தனை நிமிடம் கழித்துத் திறக்கவும்” என்று இருந்தால் அதைக் கடிகாரம் பார்த்துக் காத்திருங்கள். மூடியை ஸ்குரூ டிரைவரால் நெம்பாதீர்கள், ஒரு கீறல் போதும் சான்று போய்விடும். துருவை எமரி தாளால் தேய்க்காதீர்கள். “தண்ணீர் வராமல் இருக்க” அந்தப் பரப்பில் சிலிகான் பசை பூசுவதைப் பல ஆலைகளில் பார்க்கிறேன். அது இடைவெளியின் கணக்கையே கெடுத்துவிடும். தயாரிப்பாளர் அனுமதித்த கிரீஸை மெல்லிதாகத் தடவுவது மட்டுமே சரி. எல்லா போல்ட்டும், ஒன்றுகூட விடாமல், அதே தர போல்ட்டால் போட வேண்டும்.

கேபிளின் மின்காப்பைச் சோதிக்கும் மெக்கரும் இங்கே நினைவில் இருக்கட்டும். 500 வோல்ட் மெக்கரை கண்ட்ரோலர் போர்டு இணைந்திருக்கும்போது கேபிளில் போட்டால் போர்டு அந்த நொடியே போய்விடும். இரு முனையும் கழற்றிய கேபிளில் மட்டும் போடுங்கள்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது.

பெரிய ஃபியூஸ் போடுவதும் செப்புக் கம்பியைச் சுற்றுவதும் பதில் இல்லை. எப்போது போகிறது என்று கவனியுங்கள். பவர் கொடுத்த உடனே போனால் கேபிளில் ஷார்ட். ஒரு குறிப்பிட்ட அசைவில் போனால் அந்த மோட்டாரின் கேபிள் அல்லது அந்த மூட்டின் இறுக்கம். எல்லைக்கு வந்து முட்டும்போது போனால் லிமிட் சுவிட்ச் வேலை செய்யவில்லை, மோட்டார் சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. தொடக்க மின்னோட்டத்தைத் தாங்கும் மெதுவகை ஃபியூஸுக்குப் பதில் வேகவகை போட்டிருந்தாலும் காரணமின்றிப் போகும்.

திரையில் காட்டும் கோணமும் மானிட்டர் நிற்கும் கோணமும் ஒத்துப்போகவில்லை.

பவர் இல்லாத நேரத்தில் யாரோ ஹேண்ட் வீலால் திருப்பியிருக்கிறார்கள். சுழற்சியை எண்ணும் வகை சென்சார் அந்த நேரத்தில் எண்ணாது. தயாரிப்பாளர் சொன்ன முறையில் இரு எல்லைகளுக்கும் ஓட்டி மறுபடி அளவீடு செய்தால் சரியாகிவிடும். பொட்டென்ஷியோமீட்டர் வகை என்றால் பவர் வந்ததும் தானாகவே சரியான கோணத்தைக் காட்டும், காட்டவில்லை என்றால் அதன் பல்சக்கரம் நழுவியிருக்கிறது. தானாக இடம் வலம் வீசும் முறையில் ஓட்டுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. எல்லை தவறினால் தண்ணீர் எரியும் டேங்கை விட்டுவிட்டுப் பக்கத்து பாதையில் விழும்.

ஹேண்ட் வீலை எத்தனை நாளுக்கு ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும்?

வாரம் ஒருமுறை பம்ப் ஓட்டும் அன்றே சுற்றிவிடுங்கள். சில மாடல்களில் கிளட்சை விடுவித்தால்தான் ஹேண்ட் வீல் சுற்றும், சிலவற்றில் பவரை நிறுத்தினால் போதும். உங்களுடையது எது என்பது ஷிஃப்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், இரவு ஷிஃப்ட் ஒப்பந்தத் தொழிலாளி உட்பட. கழற்றி வைக்கும் வகை ஹேண்ட் வீல் என்றால் அது ஸ்டோரில் பூட்டிக் கிடக்கக் கூடாது, மானிட்டரிலேயே சங்கிலியில் தொங்க வேண்டும்.

சோதனையை எப்படிச் செய்தால் கோளாறு முன்கூட்டியே தெரியும்?

தண்ணீர் விட்டு. காய்ந்த நிலையில் நாலு பக்கமும் ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போடும் சோதனை, மேலே சொன்ன கேபிள் கோளாறையும் மூட்டுக் கோளாறையும் அடைப்பையும் ஒருபோதும் காட்டாது. தண்ணீர்ப் பஞ்சம் என்று காரணம் சொல்வார்கள். நிற்கும் இடத்திலிருந்தே ஜெட் மறுபடி தண்ணீர்க் குளத்திலேயே விழும்படி திருப்பக்கூடிய மானிட்டர்கள் சில ஆலைகளில் உண்டு. முடியாத இடத்தில், மாதம் சில மானிட்டர்கள் என்று சுழற்சி வைத்தாவது ஒவ்வொன்றையும் முழு அழுத்தத்தில் ஓட்ட வேண்டும். ஓடும்போது நான்கு எண்களை எழுதுங்கள்: அடியில் அழுத்தம், திரும்பும்போது மோட்டார் ஆம்பியர், ஒரு எல்லையிலிருந்து மறு எல்லைக்கு எடுத்த நொடிகள், ஜெட் விழுந்த தூரம். ஆம்பியர் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடிக்கொண்டே வந்தால் மூட்டு இறுகி வருகிறது. நொடிகள் கூடி ஆம்பியர் கூடவில்லை என்றால் வோல்டேஜ் குறைகிறது. மானிட்டர் நிற்கும் முன்பே இந்த எண்கள் பேசத் தொடங்கிவிடும்.

என்ன ஸ்பேர் கையில் இருக்க வேண்டும்?

ரிலே, ஃபியூஸ், லிமிட் சுவிட்ச், வயர்லெஸ் ரிமோட்டுக்கு ஒரு பேட்டரி, நாசில் ஆக்சுவேட்டர் ஒன்று, கேஸ்கெட் செட். பல மானிட்டர்கள் ஒரே மாடல் என்றால் கண்ட்ரோலர் போர்டும் ஒன்று, நிரல் ஏற்றியே வைத்திருங்கள். வெற்றுப் போர்டு நள்ளிரவில் உதவாது.

தயாரிப்பாளரின் சர்வீஸ் ஆளை எப்போது அழைப்பது?

கியர் பெட்டியைத் திறக்க வேண்டும் என்றால், பால் பாதையில் குழி என்றால், ஃபிளேம்ப்ரூஃப் பரப்பில் கீறல் என்றால், கண்ட்ரோலர் நிரல் அழிந்துவிட்டால். அழைக்கும் முன் தகட்டில் உள்ள மாடல் எண்ணும் வரிசை எண்ணும் தெரியும்படி ஒரு போட்டோ, பேனலில் எரியும் விளக்குகளின் போட்டோ, மோட்டார் டெர்மினலில் தண்ணீர் பாயும்போது எடுத்த வோல்டேஜ், கேபிளின் நீளமும் தடிமனும், கடைசி இரண்டு சோதனைகளின் எண்கள் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். இவை இருந்தால் வருகிறவர் சரியான பாகத்தோடு வருவார். பழுது தீரும்வரை அந்த மானிட்டரில் “பயன்பாட்டில் இல்லை” என்ற அட்டையைத் தொங்கவிட்டு, எந்த டேங்குக்கு எந்த மானிட்டர் மாற்று என்பதைத் தீயணைப்புப் பிரிவின் ஷிஃப்ட் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.